எங்கள் மண்டோர் அண்ணனுக்கு ஒரு பொன்னாடை

நம் நாட்டில் பொன்னாடை வாங்காத ஆளைப் பார்ப்பது அரிது. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர், தராவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்தவர், டத்தோ பட்டம் வாங்கியவர், அடுத்த ஆண்டு வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் என்று எல்லாருக்கும் போர்த்தியாகிவிட்டது. எங்கள் வேலைக்குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு மட்டும் இதுவரை யாரும் போர்த்தவில்லை. அது அவருடைய குறை அல்ல. எங்கள் குழு ஓர் இடத்தில் இல்லை. நான் பெஸ்தாரி ஜெயாவில், ஓர் அக்கா ஈப்போவில், இருவர் ஜொகூரில், ஒரு தம்பி சென்னையில், அண்ணன் சுபாங்கில். கணினித் திரை வழியாகச் சால்வை போர்த்த இன்னும் வழி பிறக்கவில்லை. ஆகவே எழுத்தில் போர்த்துகிறேன்.

முதலில் அவருடைய தியாகத்தைச் சொல்லவேண்டும். நியமனக் கடிதத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே பதவி. சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கேள்வி. எங்களுக்கு மேலாளர் என்று ஒருவர் கோலாலம்பூரில் இருக்கிறார். அவர் சாதுவான மனிதர், சத்தம் வராத பக்கம் திரும்பமாட்டார். இந்த நிலைமையில், யாரும் கேட்காமலேயே, ஒரு காசு கூடுதல் வாங்காமலேயே எங்களை மேய்க்கும் பொறுப்பை அண்ணன் தலைமேல் தூக்கிக்கொண்டார். அந்தக் காலத்துக் கங்காணிக்குக்கூட இந்தப் பெருந்தன்மை இருந்ததில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கங்காணிக்கு, அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் காசு போச்சு. அதனால் காலையில் லயத்து வாசலில் நின்று தலைகளை எண்ணினார். பயண உதவியோடு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தபோது அந்த வழி அடைபட்டது. எங்கள் அண்ணனோ தலைக்காசே இல்லாமல் தலைகளை எண்ணுகிறார். எங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா, மஞ்சளாகிவிட்டதா என்று காலை எட்டு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மஞ்சளானால் உடனே நலம் விசாரிப்பார்: "எங்க போய்ட்டீங்க?" கழிவறைக்குப் போய்வந்த ஒருவனை இவ்வளவு அக்கறையோடு விசாரிக்கத் தாயாலும் ஆகாது.

தூரத்தில் இருந்துகொண்டு ஆள்வது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். ஆன்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கே செம்பனை போட்டார். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். நட்டவர் பிற்பாடு தோட்டத்தை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டுப் போய், மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்திலும் இங்கே செம்பனை குலை தள்ளிக்கொண்டுதான் இருந்தது. இதைச் சொன்னால் அண்ணன் நம்பமாட்டார். ஒரு தடவை பல் பிடுங்கப் போனவர், மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தபடியே "அப்டேட்?" என்று வாட்ஸ்அப் அனுப்பினார். வாய் திறந்திருந்தும் பேச முடியாத அந்த அரைமணி நேரம் அவருக்கு எப்படிப் போயிற்றோ, எங்களுக்குச் சுகமாகப் போனது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே வீட்டுக்குள் அடைந்தபோதுதான் அண்ணனின் திறமை முழுமையாக வெளிப்பட்டது. அதற்கு முன்னால், எல்லாரும் ஓர் அலுவலகத்தில் இருந்த காலத்தில், அவர் பத்தோடு பதினொன்று. அங்கே அவர் நீட்டி முழக்கினால் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் கொட்டாவி விடுவார், நாங்கள் கண்ணாலேயே ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வோம், கூட்டம் முடிந்ததும் கீழே போய்த் தே தாரேக் குடித்துக்கொண்டே மிச்சத்தைப் பேசித் தீர்ப்போம். திரையில் அதெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் மழை இருட்டினாலே லைன் திணறும். கேமராவை அணைத்துவிட்டால்தான் குரலாவது ஒழுங்காக வரும். ஆறு கறுப்புக் கட்டங்கள், அதில் ஒரு கட்டம் மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். எந்தக் கட்டம் பேசுகிறதோ அதைச் சுற்றி ஒளிவட்டம் போடும் வசதியையும் கூட்டச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தார் செய்து வைத்திருக்கிறார்கள். சாமி படங்களுக்குப் பிறகு இவ்வளவு நேரம் ஒளிவட்டத்தோடு இருந்தவர் எங்கள் அண்ணன்தான்.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். இருட்டில் எல்லாரும் வரிசைகட்டி நிற்க, கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார், மண்டோர் யாருக்கு எந்த நிரை என்று சொல்லுவார், அவ்வளவுதான், ஆட்கள் கலைந்து காட்டுக்குள் போய்விடுவார்கள். அந்த அவசரத்துக்குக் காரணம் மரம். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். துரையே ஆனாலும் அங்கே நின்று சொற்பொழிவு ஆற்ற முடியாது. நிரைக்குள் போய்விட்டால் மரத்துக்கும் வெட்டுகிறவருக்கும் இடையில் யாரும் இல்லை. மண்டோர் ஒரு சுற்று வருவார், பட்டையில் கத்தி ஆழமாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார்.

எங்கள் காலைப் பெரட்டுக்கு "ஸ்டேண்ட்-அப்" என்று பெயர். நின்றுகொண்டு பேசினால் கால் கடுக்கும், சீக்கிரம் முடிப்பார்கள் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்கிரம் வழிகாட்டி நூல் இதற்கு 15 நிமிடம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. கஞ்சப் பிசினாறிகள். அண்ணன் அந்த 15 நிமிடத்தை வாங்கி ஒரு மணி நேரமாக்கித் தந்தார். அவர் உட்கார்ந்துகொண்டு நடத்துவதால் கால் கடுக்கும் பிரச்சினையும் தீர்ந்தது. கணினி வேலையில் பால் உறைந்துபோகிற ஆபத்து எதுவும் இல்லை அல்லவா! உறைவதெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் மூளைதான், அதை யாரும் எடைபோட்டு வாங்குவதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்யும் உபகாரங்களைப் பட்டியல் போட்டால் தாள் போதாது. யார் பேசினாலும் பாதியில் வந்து கைகொடுப்பார். பேசுகிறவருக்கு மூச்சு வாங்குமே என்ற கரிசனம். ஜொகூர்ப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அண்ணனே பதில் சொல்லுவார். சென்னைத் தம்பி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னால், "அது சரிப்படாது" என்று மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே யோசனையைத் தன் குரலில் சொல்லுவார். ஒரு பிள்ளை ஏழை வீட்டில் கிடந்து வாடுவதைவிட வசதியுள்ள வீட்டுக்குத் தத்துப் போவது நல்லதுதானே. பெற்றவன் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இரவிலும் அவர் எங்களை மறப்பதில்லை. பதினொன்றரை மணிக்குக் குழுவில் ஒரு செய்தி விழும். திறந்தால் ஒரே ஒரு கேள்விக்குறி. வள்ளுவர்கூட ஒரு கருத்தைச் சொல்ல ஏழு சீர் செலவழித்தார். அண்ணன் ஓர் எழுத்தும் செலவழிக்காமல் ஐந்து வீடுகளில் தூக்கத்தைக் கலைக்கிறார். வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது நினைவிருக்கும். வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆனது. அந்த மூன்று மணி நேரத்தை நாங்கள் எங்காவது ஊதாரித்தனமாகப் பிள்ளைகளோடு செலவழித்துவிடுவோம் என்று பயந்து, அண்ணன் அதைப் பத்திரமாகக் கூட்டங்களில் போட்டு வைத்திருக்கிறார். நெகிழ்வான வேலை நேரம் வேண்டுமென்று எழுதிக் கேட்கவும் அதே சட்டம் வழிவிட்டது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தந்தால் போதும். சட்டம் ஆமை. அண்ணனுக்கு ஆறு நிமிடத்தில் பதில் வராவிட்டால் மேலாளரின் பெயரையும் சேர்த்து மறுபடி அனுப்புவார்.

இன்னொரு கலையிலும் அவர் வல்லவர். பெரிய முடிவுகளை நொடியில் கடந்துவிட்டுச் சின்ன விஷயங்களில் ஆழம் காண்பது. 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லித்தந்த பார்க்கின்சன் என்ற பேராசிரியர் இந்தக் கலைக்கு இலக்கணமே எழுதியிருக்கிறார். அவர் கற்பனையில் ஒரு குழு கூடுகிறது. அணு உலை கட்டும் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறது, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு என்ன கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும். எங்கள் அண்ணன் வாடிக்கையாளரின் தரவுகளை எங்கே சேமிப்பது என்பதை "ஓகே, நெக்ஸ்ட்" என்று தாண்டிவிட்டு, பொத்தானின் நீலம் கடல் நீலமா வான நீலமா என்பதில் எங்களை மதியச் சாப்பாட்டு நேரம் வரை கட்டிவைப்பார். அதே பார்க்கின்சன் இன்னொன்றையும் காட்டினார். பிரிட்டிஷ் காலனி அலுவலகத்தில் 1935-இல் 372 பேர் இருந்தார்கள். காலனிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்த 1954-இல் அங்கே 1,661 பேர். ஆள்வதற்கு இடம் குறையக் குறைய ஆள்கிறவர்கள் பெருகினார்கள். எங்கள் குழுவில் அந்த 1,661 பேரின் வேலையை அண்ணன் தனியாகப் பார்க்கிறார்.

அவருடைய அட்டவணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு பளபளவென்று இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பவை என்று ஔவை சொன்னாள். எங்கள் அண்ணனின் முன்னேற்ற அட்டவணைக்கு நிகரான கொட்டிலைத் தொண்டைமானும் வைத்திருக்கமாட்டான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொரு கட்டமும் ஜொலிக்கும். அதை நிரப்பவே வாரத்தில் அரை நாள் எங்களுக்கு வேண்டும். நாங்கள் எழுதிய நிரல்கள் மட்டும் அங்கங்கே உடைந்து பட்டறையில் கிடக்கின்றன, பயன்படுத்துகிறோமே, என்ன செய்வது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இவருக்கு இந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நானும் யோசித்திருக்கிறேன். பதில் 1941-இல் இருக்கிறது.

அந்த ஆண்டு கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்து சிலாங்கூரின் மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. முன்னால் நின்றது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். போருக்காக ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம். தொழிலாளர்கள் வைத்தது சம்பளக் கோரிக்கை மட்டுமல்ல. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, கொடுமைக்காரக் கிராணிகளை மாற்றுவது, பத்து பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிப்பது, கூடிப் பேசவும் சங்கம் வைக்கவும் உரிமை, சொந்தபந்தம் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக அனுமதி, குறை சொன்னவனைப் பழிவாங்காமல் இருப்பது. இவற்றுக்கு நடுவே ஒன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தாலும் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

அதுவரை இறங்கித்தான் நின்றார்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், தன் வழியில் போகிற மனிதன், எதிரில் ஒரு தொப்பி தெரிந்தால் கால் தரையில் ஊன்றியாகவேண்டும். கூலி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வயிற்றுக்கும் உடம்புக்கும் வேண்டியதையெல்லாம் எழுதிய கை, அதே தாளில் இதையும் எழுதியது. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். துருப்புகள் வந்தன, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். யாருக்கு முன்னால் இறங்கி நின்றார்களோ அந்தத் துரைமார்கள் சைக்கிளைக்கூட எதிர்பார்க்காமல் சிங்கப்பூரை நோக்கி ஓடினார்கள்.

உயிரைக் கொடுத்துக் கேட்ட ஒன்றை எங்கள் சில்லறைச் சங்கடத்தோடு சேர்த்துப் பேசுவது அதிகம்தான். தோட்டத்துத் தாத்தா பாட்டிகள் மன்னிக்கட்டும். ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் காலைக் கூட்டம்தான் கண்ணில் நிற்கிறது. எங்களிடம் சைக்கிள் இல்லை, மைக் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் குரல் உள்ளே வந்தால் நாங்கள் மைக்கை அணைக்கிறோம். அணைக்கச் சொல்லி அவர் கட்டளை போட்டதே இல்லை, அந்தப் பெருமையையும் அவருக்குத் தரவேண்டும். கிராணிக்குப் பின்னால் துரை இருந்தார், துரைக்குப் பின்னால் கம்பெனி இருந்தது, கம்பெனிக்குப் பின்னால் துப்பாக்கி இருந்தது. அண்ணனுக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரிப் படம்தான் இருக்கிறது, அதுவும் அசல் அல்ல. நாங்களாகவே இறங்கினோம். எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்த்து அவர் தன் உயரத்தைக் கணித்துக்கொண்டார். ஒரே பதவியில் இருக்கும் ஆறு பேரில் ஐந்து பேர் இறங்கி நின்றால் ஆறாவது ஆள் குதிரையில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

பிறகு ஈப்போ அக்கா மட்டும் இறங்க மறுத்தார். குழுவில் அண்ணனைத் "தம்பி" என்று கூப்பிட வயதுத் தகுதி உள்ள ஒரே ஆள் அவர்தான். அண்ணன் ஒரு நாள் வழக்கம்போல ஒரு வேலையை அக்காவின் தலையில் இறக்கினார். அக்கா குழுவிலேயே, எல்லாரும் பார்க்க, எழுதினார்: "செய்யலாம் தம்பி. இது நீங்க குடுக்குறதா, மேனேஜர் குடுக்குறதா? மேனேஜர்னா சொல்லுங்க, கையில இருக்குற மூணுல எத நிறுத்தட்டும்னு அவர்கிட்டயே கேட்டுக்குறேன்." கோபம் இல்லை, குத்தல் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. அன்று அண்ணனிடமிருந்து ஆறு நிமிடத்தில் பதில் வரவில்லை. சாயங்காலம் வரை வரவில்லை. அந்த வேலை அப்புறம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது, அது உயிரோடு இருந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

அக்காவின் துணிச்சலில் எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கூடிப் பேச இடம் வேண்டும் என்று 1941-இல் ஏன் கேட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனித்தனி வீட்டில் தனித்தனியாகக் குமைந்துகொண்டிருந்தவர்கள், அண்ணன் இல்லாத ஒரு சின்னக் குழுவில் பேசிப் பார்த்தபோது, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தது தெரிந்தது. புறம்பேசும் கூடமாக அது ஆகிவிடக்கூடாது என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். "திட்டணும்னா திட்டுங்க, ஆனா கடைசில ஒரு வேலையாவது முடிவாகணும்."

முடிவானவை சாதாரண விஷயங்கள். கூட்டத்துக்கு முன்னால் ஆளாளுக்குத் தன் கருத்தைப் பொதுக்கோப்பில் எழுதிவிடவேண்டும், முதல் பத்து நிமிடம் எல்லாரும் சத்தமில்லாமல் அதைப் படிக்கவேண்டும். அமேசான் நிறுவனத்தில் பல காலமாக இப்படித்தான் கூட்டம் தொடங்குகிறார்கள். எழுத்தின் அருமை என்னவென்றால் அதில் குறுக்கே பேச முடியாது. சென்னைத் தம்பியின் யோசனை அவன் பெயரோடு, தேதியோடு, நேரத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் கழித்துத் தத்தெடுக்க யாராவது வந்தால் பிறப்புப் பத்திரம் கண்ணெதிரே இருக்கிறது. என்ன முடிவு, யார் செய்வது, எப்போதைக்குள் என்று மூன்றே பத்தியில் ஒரு பதிவேடு. கூட்டத்தை வாரம் ஒருவர் முறைவைத்து நடத்துவது. இதை மேலாளரிடம் புகாராகக் கொண்டுபோகவில்லை, கூட்டம் குறையும், நேரம் மிச்சமாகும் என்று கணக்காகக் கொண்டுபோனோம். சாதுவானவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் காதில் ஏறும். உடனே சரி என்றார்.

அண்ணனிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் இதையெல்லாம் செய்வது முறையல்ல என்று எனக்குப் பட்டது. தனியாகக் கூப்பிட்டேன். "அண்ணே, நேத்து மீட்டிங்ல நான் பேசி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவ குறுக்க வந்துட்டீங்க. நான் முடிச்சிடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்கண்ணே." நீங்கள் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லியிருந்தால் அவரும் எப்போதும்போல ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நேற்று, மூன்று தடவை என்றதால் பேச இடமில்லாமல் போயிற்று. கொஞ்ச நேரம் லைன் அறுந்ததுபோல் இருந்தது. பிறகு, "அப்படியா? நீங்க யாருமே ஒன்னும் சொல்லலையே, நான் ஹெல்ப்பா இருக்குதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். நடிப்பாகத் தெரியவில்லை. கறுப்புக் கட்டங்களில் எங்கள் முகம் சுளித்ததை அவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? எங்கள் மௌனத்தை அவர் கைதட்டலாகவே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை எல்லாரும் கோலா சிலாங்கூரில் கூடினோம். சென்னைத் தம்பி மட்டும் திரையில். பாசிர் பெனாம்பாங்கில் நண்டு சாப்பிட்டோம். திரையில் தெரிந்த அளவுக்கு அண்ணன் பெரிய உருவம் இல்லை. நண்டு ஓட்டை உடைப்பதில் மூழ்கியவர் அரைமணி நேரம் யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை. என் அப்பாவின் முழங்கால் வலியை நினைவு வைத்திருந்து விசாரித்தார். ராத்திரி கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப்பூச்சி பார்க்கப் போனோம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மினுங்கின. "இதுக்கெல்லாம் யாரு டைமிங் குடுக்குறது?" என்று கேட்டார் அண்ணன். ஒன்றைப் பார்த்து ஒன்று தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது, தலைவர் கிடையாது என்றேன். ஆழ்ந்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆள் பார்த்துக்கிட்டா இன்னும் நல்லா வரும்."

காலாண்டு முடிவில் நிறுவனம் எல்லாக் குழுக்களையும் ஒரு பெரிய இணையக் கூட்டத்தில் கூட்டியது. அண்ணன் "தொலைதூரக் குழுவில் கூட்டுத் தலைமை" என்ற தலைப்பில் விளக்கம் தந்தார். மௌன வாசிப்பு, முடிவுப் பதிவேடு, முறைவைத்துத் தலைமை தாங்குவது ஆகிய மூன்றையும் தான் எப்படிச் சிந்தித்துக் கண்டுபிடித்தார் என்பதை வண்ணப் படங்களோடு விளக்கினார். எங்கள் குழுவின் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. மேலிடத்தில் ஒரே பாராட்டு. பரிசுச் சான்றிதழும் பேரங்காடியில் செலவழிக்கப் பற்றுச்சீட்டும் தந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் கைதட்டும் பொம்மையை மாறி மாறிப் போட்டோம். சென்னைத் தம்பி இதயமும் போட்டான்.

ஈப்போ அக்கா எழுதினார்: "ரொம்ப நல்ல யோசனை தம்பி. வர்ற திங்கள் தலைமை என் முறை. உங்களுக்குப் பேச அஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன், போதுமா?"

அண்ணன் ஆறு நிமிடத்துக்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.